யோகா, இன்றைக்கே ஒரு பிரதி எடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் யோகா,

நீ கொடுத்துவிட்ட கஜு வந்து சேர்ந்தது. தயாவின் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். போனில் சொல்லத்தான் பார்த்தேன், நீ எடுத்தால்தானே? எடுத்தாலும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று "ஓ, ஓ" என்று சொல்லிக்கொண்டிருப்பாய். இது அப்படிக் கேட்கிற விஷயம் இல்லை. இருந்து ஆறுதலாக வாசி.

நீ பதறக்கூடாது என்பதற்காக முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் குரல் தப்பிவிட்டது. முழுதாக இல்லை, ஆனால் பெரும்பகுதி தப்பிவிட்டது.

தெஹிவளையில் பவானி அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ரான்சம்வெயார், அதுதான் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கிற வைரஸ், புகுந்துவிட்டது. அத்தான் அந்தக் காலத்தில் களரி களரியாகப் போய்க் கசெட்டில் பிடித்த கூத்துப் பாட்டெல்லாம், உன் அப்பா பாடினதும் சேர்த்து, அதில்தான் இருந்தன. கசெட்டுகள் பூஞ்சணம் பிடித்து எப்போதோ போய்விட்டன. அத்தான் கண்மூடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றி, கசெட் இலக்கம் போட்டு, எந்தக் கசெட் எந்த ஊர், எந்த வருஷம், கூத்தைப் பழக்கின அண்ணாவியார் யார் என்று வேர்டில் ஒரு பட்டியலும் அடித்து வைத்திருந்தார். அவருடைய ஒழுங்கு உனக்குத் தெரியாததா?

அக்கா வீட்டுப் பிரணவனுக்கு யாரோ கூட்டாளியின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டித் தர வேண்டுமாம். அதற்கான மென்பொருளுக்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். கிராக் பண்ணின திருட்டுப் பிரதி சும்மா கிடைக்கிறது. கீழே இறக்கிய இடத்தில், "நிறுவுவதற்கு முன் அன்டிவைரஸை நிறுத்திவிடவும்" என்று எழுதியிருந்ததாம். பிள்ளை சொன்னபடி செய்திருக்கிறான். யோகா, நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்று கேட்பவன் என்ன சாமானோடு வருவான் என்று யோசிக்க வேண்டாமா? நிறுவியதும் விண்டோஸ் அப்டேட் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி திரையில் வந்திருக்கிறது. அப்டேட்தானே என்று அவன் விட்டுவிட்டுப் படுத்துவிட்டான். அந்தப் பெட்டி பொய். அதற்குப் பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

காலையில் பார்த்தால் எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து வால் முளைத்திருந்தது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரே குறிப்பு: கோப்புகள் வேண்டுமென்றால் 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490. நம்பிக்கைக்கு ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம்.

அக்கா கையில் கிடந்த காப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறா, "இதை விற்றுக் கட்டுவோம், கலா" என்று. நான் விடவில்லை. கட்டினவர்களுக்கெல்லாம் திறப்பு கிடைத்ததில்லை. கிடைத்தாலும் அந்தக் காசு அடுத்த வீட்டைப் பிடிக்கத்தான் போகும்.

எங்கள் மாடியில் இருக்கிற ரிஷியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரவுட்டர் வயரைப் பிடுங்கினான். பிறகு வேறொன்றிலும் கை வைக்காமல், பூட்டுப்பட்ட டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தான். இன்றைக்குத் திறக்க முடியாத பூட்டுக்குச் சில நேரம் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத் திறப்பு வெளியே வரும், அதற்காகத்தான் வைத்திருக்க வேண்டும் என்றான். ஒரு அவசரக்காரக் கடையில் கொடுத்திருந்தால் ஃபோர்மட் அடித்துப் புத்தம் புதுசாகத் தந்திருப்பார்கள். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

வந்தது 'ஸ்டொப்' என்கிற வகை. பெரிய கம்பனிகளை விட்டுவிட்டு, கிராக் தேடுகிற வீட்டுக்காரரைத்தான் இது பிடிக்கும். இது ஓடுகிற நேரம் தன் சேர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனித் திறப்பு ஒன்றைப் போட்டுப் பூட்டும். முடியாவிட்டால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற பொதுத் திறப்பால் பூட்டும். பொதுத் திறப்பு என்றால், எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் இலவசமாகத் தருகிற கருவியால் என்றைக்காவது திறக்க வாய்ப்பு உண்டு. எது என்று எப்படித் தெரியும்? குறிப்பின் அடியில் ஒரு நீள இலக்கம் இருக்கும், அதன் கடைசி இரண்டு எழுத்து 't1' என்று முடிந்தால் பொதுத் திறப்பு. ரிஷி பெரிதாக்கிக் காட்டினான். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தா. இல்லை. அன்றிரவு இன்டர்நெட் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ரிஷி சொன்னான், எனக்கு அப்போது வந்த உயிர் இன்னும் போகவில்லை. வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக இந்த வகை ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுமாம். வேர்ட் கோப்பு, சின்னப் படம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும், ஆகவே அவை போனது போனதுதான். ஆனால் அரை மணித்தியாலப் பாட்டு அப்படி அடங்குமா? வாலை வெட்டி, பழைய பெயரைக் கொடுத்து ஓடவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மத்தளம், சல்லாரி, அதற்கு மேலே உன் அப்பா, நடுப்பாட்டில் இருந்து. அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

ஒவ்வொரு பாட்டிலும் முதல் பத்து விநாடி அளவு போய்விட்டது. அந்தப் பத்து விநாடியில் என்ன இருந்தது தெரியுமா? அத்தான் மைக்கில், "இன்ன ஊர், இன்ன திகதி, அண்ணாவியார் இன்னார்" என்று சொல்வார். அக்காவுக்கு மிஞ்சியிருந்த அவர் குரல் அவ்வளவுதான். பட்டியல் இருந்த வேர்ட் கோப்பும் இல்லை. கல்யாணப் படங்களும் இல்லை.

அத்தான் இன்னொரு பிரதி எடுத்து வைக்காத ஆளா என்று கேட்பாய். வைத்திருந்தார், எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில். அதைக் கழற்றாமல் கம்ப்யூட்டரோடேயே குத்தி வைத்திருந்தார்கள். ரான்சம்வெயாருக்கு அது இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான். அதையும் பூட்டிவிட்டது.

பாஸ்வேர்ட் விஷயம் வேறு. இந்த வகை பெரும்பாலும் தனியாக வராது, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடுகிற ஒன்றையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே என் போனிலிருந்து அக்காவின் எல்லாக் கணக்குகளையும் மாற்றினோம். ஈமெயில்தான் முதல், அதைப் பிடித்தவன் மற்றதையெல்லாம் அதற்குள்ளாலேயே மாற்றிவிடுவான். பிறகு வங்கி, ஃபேஸ்புக். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல்லி ஒரு பொத்தான் இருக்கும், அதையும் அமத்தினோம். இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மாற்றினாலும் திருடன் உள்ளேயே இருப்பான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட்டாயிற்று.

சரி, இனி உன் கதைக்கு வருகிறேன்.

உன் மேசையில் இருக்கிற அந்தப் பெட்டி இன்னும் விண்டோஸ் 7 தானே? அதற்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், நீயும் "அது பாட்டுக்கு ஓடுது, கலா" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். 2017 மே மாதம் வொனாக்ரை என்ற ரான்சம்வெயார் உலகம் முழுக்க ஓடினபோது இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது. போடாதவர்களைத்தான் பிடித்தது. அப்டேட்டுக்கு டேட்டா போகிறது என்கிறாய். நீ மாலையில் பார்க்கிற சீரியலில் ஒன்றை விட்டால் போதும்.

அந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே என் எண்ணம் இதுதான்: அதை இன்டர்நெட்டிலிருந்து முழுதாகக் கழற்றிவிடு. ஸ்கேனருக்கு மட்டும் வைத்துக்கொள். வங்கி வேலை, கடிதம், படம் எல்லாம் போனில் செய். கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கக் கொண்டுபோகிற பென்டிரைவை இதில் குத்தவே கூடாது. போன வருஷம் உன் ஃபோல்டரெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிக் கிடந்ததே, அது அங்கேயிருந்து வந்ததுதான். பிரின்டுக்கு ஒரு பென்டிரைவ், வீட்டுக்கு ஒரு பென்டிரைவ். தயா வீட்டு லப்டொப் புதிது. அதில் விண்டோஸோடு வருகிற டிஃபென்டர் அன்டிவைரஸே போதும், காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல். அதற்குள் ரான்சம்வெயார் பாதுகாப்பு என்று ஒரு இடம் இருக்கிறது, முக்கியமான ஃபோல்டர்களை முன்பின் தெரியாத மென்பொருள் மாற்ற விடாது. நாமாகத்தான் போட வேண்டும், போடச் சொல். பிள்ளைகளுக்கு வேறு கணக்கு திறந்து கொடுக்கட்டும், எதையும் நிறுவுகிற அதிகாரம் இல்லாத கணக்கு. தபாலில் பார்சல் வந்திருக்கிறது, இந்த லிங்க்கில் காசு கட்டு என்று எஸ்எம்எஸ் வந்தால் தொடாதே. ஆறு இலக்கம் ஒன்று வரும், அதை அனுப்பு என்று வட்ஸ்அப்பில் யார் கேட்டாலும், நானே கேட்டாலும், கொடுக்காதே.

இதையெல்லாம் செய்தாலும் ஒருநாள் ஏதாவது உள்ளே வரலாம். அதனால்தான் பிரதி பிரதி என்று உயிரை எடுக்கிறேன். 2004இல் கடல் கொண்டுபோனது போக மிஞ்சிய அப்பாவின் கூத்துக் கொப்பிகளை நீ ஸ்கேன் பண்ணினாயே, அது அந்த ஒரு பெட்டியில் மட்டும்தானே இருக்கிறது? தாள் வேறு தொட்டால் உதிர்கிறது என்று எழுதியிருந்தாய். 2023இல் நம் அரசாங்கத்தின் கிளவுட்டுக்கே இது நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் அமைச்சரவை அலுவலகத்துக்கும் சேர்த்துப் போயின. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. ஒரு நாட்டுக்கே அப்படி என்றால் உன் மேசைக்கு என்ன?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சில் வந்ததில் பலவற்றை வேறு இடங்களில் தேடி எடுக்க முடிந்தது. உலகத்திலேயே ஒன்றாக இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் திரும்பி வரவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு கோபம் வருவது அதனால்தான், யோகா. அன்றைக்குப் பிரதி எடுக்க இவ்வளவு வசதி இருக்கவில்லை. இன்றைக்கு ஒரு பின்னேரம் போதும்.

ஆகவே ஸ்கேன்களை இரண்டு டிஸ்க்கில் எடு. எடுத்து முடிந்ததும் கழற்று, கழற்றுவதுதான் முக்கியம். ஒன்றை அலுமாரியில் வை, மற்றதை எனக்கு அனுப்பு. கூகிள் ட்ரைவ் போதாதா என்று தயா கேட்பான். கம்ப்யூட்டரில் இருப்பதை அது தானாக ஏற்றுகிற மாதிரி வைத்திருந்தால் பூட்டுப்பட்ட கோப்பும் தானாக ஏறிவிடும். பழைய பதிப்பைக் கொஞ்சக் காலம் வைத்திருப்பார்கள், அதற்குள் கண்டுபிடித்தால்தான் உண்டு. அது கூடுதல் பிரதியாக இருக்கட்டும். உனக்குச் சம்மதமென்றால் நூலகம் நிறுவனத்திடமும் ஒரு பிரதி கொடுப்போம். 2005இலிருந்து நம் பழைய புத்தகம், பத்திரிகை, கையெழுத்துப் பிரதி எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி எவரும் வாசிக்கும்படி இணையத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்பா எதையும் ஒளித்து வைத்தவர் இல்லை, ஆனாலும் முடிவு உன்னுடையது.

வியாழக்கிழமை சுகுமார் மாமா உதயதேவி ரயிலில் மட்டக்களப்புக்கு வருகிறார். புது டிஸ்க் இரண்டும், தப்பிய பாட்டுகள் இருக்கிற பென்டிரைவ் ஒன்றும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு நீயே போய் வாங்கு, அந்தச் சைக்கிள்காரனை அனுப்பாதே. பாட்டுகளைக் கேட்டு, ஒவ்வொரு கசெட்டும் எந்த ஊர், எந்தக் கூத்து, பின்பாட்டு யார் என்று ஒரு கொப்பியில் எழுது. அத்தானின் பட்டியலைத் திரும்ப எழுதக்கூடிய ஆள் இனி நீ ஒருத்திதான். ஏழாம் கசெட்டின் இரண்டாம் பக்கம் வடமோடிக் கூத்து என்று அக்கா சொல்கிறா, நான் தென்மோடிக் கூத்து என்கிறேன். அதை முதலில் கேட்டு எழுது.

பிரணவனைத் திட்டி ஒன்றும் எழுதிவிடாதே. மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிகிறான்.

அன்புடன்,
கலா