முதலில் பிரேக், பிறகு இன்ஜின்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய இன்ஜின் பூட்டும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் பயமாக இருக்கிறது. 1958-ல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 948 சிசி, 43 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் உருளையின் உட்புறத்தில் பட்டைகள் உரசி நிறுத்தும் வகை). அந்தச் சக்திக்கு அது போதும். அதில் மூன்று மடங்கு சக்தியை ஏற்றினால்? வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இறக்கத்தில் நாலைந்து முறை அழுத்தியதும் டிரம் கொதித்து, பெடல் அடிவரை இறங்கும்; கார் நிற்காது. பெரிய இன்ஜினின் முன்பக்கக் கனத்தால் வளைவில் நேரே ஓடப் பார்க்கும். பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் தகட்டில் துரு வேறு! பெயின்ட் பளபளப்பில் அதை யார் குனிந்து பார்க்கிறார்கள்? பிரேக், ஆக்சில், பாடி மூன்றையும் தகுதியுள்ள பொறியாளர் சோதித்த பிறகே இப்படி இன்ஜின் மாற்றிய கார்களைச் சாலையில் விட வேண்டும்.

– வாசகர் ஒருவர்