கொள்ளிவாய்ப் பிசாசுக்கு வாய்தான் உயிர்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டில், மூன்றாம் லெவலில் இருக்கும் நாலு பேருக்காக நீ எழுதிய கொள்ளிவாய்ப் பிசாசைப் படித்தேன். அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் வில்-ஓ-விஸ்ப் என்ற ஒளிப்பேய்க்குப் பெயர் மட்டும் மாற்றியிருக்கிறாய். ஆர்மர் கிளாஸ் (அதை அடிக்க எட்ட வேண்டிய எண்) 19, 22 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), மின்னல் அடி எல்லாம் அப்படியே. சதுப்பில் தெரியும் வெளிச்சம் என்ற அளவில் இரண்டும் உறவுதான். ஆனால் அது மிதக்கும் ஒளி. நம்முடையதற்கு வாய் உண்டு. வாய் திறந்தால் தீ, மூடினால் இருட்டு. முழுச் சண்டையும் அதற்குள் இருக்கிறது.

இப்படிச் செய். தன் முறையின் கடைசியில் அது வாயைத் திறக்கிறது. 20 அடிக்கு வெளிச்சம். 60 அடிக்குள் அதைப் பார்ப்பவர்கள் விஸ்டம் சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) போட வேண்டும்; டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 12. தோற்றவர் மயங்கி, தன் அடுத்த முறையில் அதை நோக்கியே நடப்பார், அடிபட்டால் தெளியும். எல்ஃப் இனத்தாருக்கு மயக்கத்தை எதிர்க்க அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு. அதனால் மற்றவர்களைக் கயிற்றில் கட்டி இழுக்கும் வேலை அவர்களிடம் வரும், அது நல்லதே. பிசாசின் அடுத்த முறையில் 15 அடிக் கூம்பாகத் தீ: டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ டிசி 13, சேதம் 4டி6 (நாலு ஆறுமுகப் பகடைகளின் கூட்டு), தப்பினால் பாதி. உடனே வாயை மூடி 30 அடி நகரும். அதற்கடுத்த முறையில் மறுபடி திறக்கும்.

தீயை 6டி6 ஆக்கிவிடாதே. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள மூன்றாம் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) வழக்கமாக 20 ஹிட் பாயிண்ட். 6டி6 சராசரி 21, ஒரே மூச்சில் விழுந்துவிடுவான். 4டி6 சராசரி 14; பயப்படுவான், ஆனால் நிற்பான்.

வாய் மூடியிருக்கும்போது "இருட்டில் மறையும்" என்று எழுதினால் போதாது. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உள்ளவர் ஒருவர் இருந்தாலே ஆட்டம் கெட்டுவிடும். "கண்ணுக்குத் தெரியாது" என்றே எழுது. அதற்கு ஈடாக ஆர்மர் கிளாஸை 13க்கு இறக்கு. தாக்குதலுக்கு +5 வைத்திருப்பவர் 19ஐத் தொட இருபதுமுகப் பகடையில் 14ஆவது விழ வேண்டும், நூற்றுக்கு 35 வாய்ப்பு. 13 என்றால் 65. ஹிட் பாயிண்ட் 45 வை. படும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் சேதம் 8 என்று பிடித்தாலும் நாலு பேரும் சேர்ந்து ஒரு சுற்றில் ஏறக்குறைய 21 எடுப்பார்கள். மூன்று முறை வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இரும்புக்கு இரட்டைச் சேதம் என்று நீ எழுதிய விதியை அடித்துவிடு. அந்த நாலு பேர் குழுவில் எல்லார் வாளும் இரும்புதானே! கதைகளில் இரும்பு பேயைக் கொல்வதில்லை, அண்டவிடாமல் காக்கிறது. இரவில் கறிச்சோறு கொண்டுபோகும் தூக்கில் ஆணியோ கரித்துண்டோ போடுவது அதற்காகத்தான். ஆகவே ஆணியைக் கையில் வைத்திருப்பவருக்கு மயக்க சேவிங் த்ரோவில் அட்வான்டேஜ் கொடு, அதுபோதும்.

முடிவுதான் முக்கியம். ஹிட் பாயிண்ட் 0 ஆனால் அது சாகாது, அணையும். மறுநாள் இரவு முழு பலத்தோடு வரும். பேய் பிடித்தவரின் முடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடிக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். அதை அப்படியே வை: அதன் ஒளியில் மயங்கிய ஒருவர் தன் முடிக்கற்றையைக் கொடுக்க வேண்டும், விடிவதற்குள் அதை மரத்தில் அடிக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்ல ஊரில் ஒரு கிழவியை வை; இல்லாவிட்டால் இரண்டாம் இரவில் உன்மேல்தான் கோபப்படுவார்கள். எந்த மரம், யார் முடி என்பதைக் குறித்து வைத்துக்கொள். பிறகு ஒருநாள் யாரோ விறகுக்கு அந்த மரத்தை வெட்ட வரலாம்.

அன்புடன்,
அண்ணன்