மாத்திரை இருக்கிறது, வாங்க வருவதுதான் பெரும்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிரசவப் பிரிவில் ஆலோசகராக வேலை பார்க்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. என் எதிரே வந்து உட்காரும் பெண்களில் பலருக்கு, மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அடுத்த முறை ஏன் வராமல் போகிறார்கள்?

மருந்தில் குறை இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று வரலாம். தாய் கர்ப்பத்திலேயே, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தொடங்கி, பால் கொடுக்கும் காலத்திலும் விடாமல் சாப்பிட்டு, பிறந்த பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். 2015-ல் கியூபா, 2016-ல் தாய்லாந்து, 2019-ல் இலங்கை என்று, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிய நாடுகள் இருக்கின்றன.

சிக்கல் வீட்டில் தொடங்குகிறது. கர்ப்பிணி என்பதால் முதலில் அவளுக்குத்தான் ரத்தம் எடுக்கிறோம். கணவர் அதுவரை பரிசோதனை செய்தே இருக்க மாட்டார். முடிவு அவள் பெயரில் வருவதால், நோயைக் கொண்டுவந்தவளும் அவள்தான் என்றாகிவிடுகிறது. அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. ஒரு பெண் மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்து வைத்திருந்தார். தினமும் தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து, அப்படியே தூங்கிப்போன இரவுகளைச் சொல்லி அழுதார். அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மருத்துவமனைகளும் சளைத்தவை அல்ல. மாத்திரைக்கு மட்டும் தனிக் கட்டடம், தனி வரிசை. அங்கே நின்றாலே யாரென்று தெரிந்துவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் குறி போட்டு வைத்திருப்பார்கள். வார்டைப் பெருக்க வருபவர் வரை எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். அப்படி ஒரு நாள் பட்ட பெண் மறுபடி அந்தப் படியேறுவாரா?

பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். ஆனால் அதற்கப்புறம்தான் பல தாய்மார்கள் சிகிச்சையை விட்டுப் போகிறார்கள். கைக்குழந்தையோடு அலைய முடிவதில்லை. மாத்திரை நின்றால் தாய்ப்பால் வழியாகத் தொற்றும் ஆபத்து திரும்பி வந்துவிடுகிறது. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை, பிறகு 18 மாதம் வரை தொடர்ந்து கவனிப்பு தேவை. கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தில் அதுவரைகூடத் தங்கியிருக்கலாம் என்பதால், அந்த எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரணப் பரிசோதனையை வைத்து முன்பே தொற்று இருக்கிறது என்று உறுதி செய்ய முடியாது. இத்தனை நாளுக்கு ஒரு தாய் வந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் நாம் அவரை எப்படி நடத்த வேண்டும்?

இன்னொன்று: முதல் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தவருக்குப் பின்னால் கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ தொற்று வரலாம். தொற்று வாய்ப்பு அதிகமுள்ள இடங்களிலாவது கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. கர்ப்பப் பதிவின்போதே கணவரையும் வரச்சொல்லி, இருவரின் சம்மதத்தோடும் ஒன்றாகப் பரிசோதியுங்கள். ஆனால் கணவர் வரவில்லை என்பதற்காக மனைவியைத் திருப்பி அனுப்பாதீர்கள். மாத்திரையைக் கர்ப்பகாலப் பரிசோதனை நடக்கும் அதே அறையிலும், பிரசவத்துக்குப் பிறகு பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் அதே நாளிலும் கொடுங்கள். கேஸ் ஷீட்டில் குறி போடும் வழக்கம் எங்கே மிச்சமிருந்தாலும் இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பிரசவப் பிரிவு ஆலோசகர் ஒருவர்