ஹோல்டரில் ஒரு பழுப்புக் கோடு: உப்பு விளக்கு செய்கிறவர்களுக்குத் திறந்த மடல்

உப்பு விளக்குகளைச் செய்கிறவர்களுக்கும், விற்கிறவர்களுக்கும், அவற்றைச் சோதித்து முத்திரை கொடுக்கிற தர அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டில் நான்கு வருடம் ஓர் உப்பு விளக்கு இருந்தது. உள்ளே குடைந்த மூன்று கிலோ உப்புக் கல், மர அடிப்பலகை, உள்ளே 15 வாட் குண்டு பல்பு, வயரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உருட்டுகிற டிம்மர். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. அறையின் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு நான்தான் வாங்கி வந்தேன். அம்மாவின் கட்டிலை ஒட்டி ஒரு சின்ன மேசை போட்டு அதில் வைத்தோம். அந்த ஆரஞ்சு வெளிச்சம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. எனக்கும்தான்.

ஒரு மழைக்காலத்தில் பத்து நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினோம். கிளம்பும்போது டிம்மரை முழுக்கத் திருப்பி விளக்கை அணைத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மேசை நனைந்து கிடந்தது. கூரை ஒழுகவில்லை, ஜன்னல் சாத்தியபடி இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. விளக்கு விட்ட தண்ணீர்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைச் சாய்த்து, அடியிலிருந்து ஹோல்டரை உருவினேன். பல்பின் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. பித்தளைப் பகுதி பச்சை பூத்திருந்தது. பிடித்து நிறுத்துகிற கம்பிக் கிளிப் துருவேறி, தொட்டதும் ஒடிந்தது. வயர் உள்ளே நுழையும் இடத்தில் உப்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அப்புறம்தான் அதைப் பார்த்தேன்: ஹோல்டருக்குள் இரண்டு முனைகளுக்கும் நடுவே பிளாஸ்டிக்கின் மேல் மயிரிழை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் கரி வந்தது.

நான் இருபது வருடமாக வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கிறவன். அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் வழியாகக் கசிந்த மின்சாரம் பிளாஸ்டிக்கைக் கருக்கிய தடம், தீ பிடிப்பதற்கு முந்தைய கட்டம் அது. அம்மாவின் தலையணையிலிருந்து ஒரு முழ தூரத்தில் அது வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்து, இப்போதுதான் எழுதுகிறேன்.

உங்கள் பெட்டியில் ‘ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்’ என்று போட்டிருக்கிறீர்கள். குளியலறையில் வைக்காதே, தண்ணீர் கொட்டாதே என்றுதான் யாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் இந்த விளக்குக்குத் தண்ணீர் வெளியிலிருந்து கொட்ட வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் அதில் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் கலந்திருந்தால் அதற்கு 33 சதவீதமே போதும். மழை நாளில் மூடி சரியாக மூடாத உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காதவர் யார்? அந்த ஜாடிக்குள் யாரும் மின்சார வயரை விடுவதில்லை. நீங்கள் விடுகிறீர்கள்.

எரிகிற விளக்கு அவ்வளவாகத் தண்ணீர் விடாததற்குக் காரணம் பல்பின் சூடு. காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்லின் மேற்பரப்பு 32 டிகிரிக்கு ஏறினால் அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெறும் ஐந்து டிகிரி, கல் காய்ந்துவிடுகிறது. அந்த ஐந்து டிகிரியைக் கொடுப்பது குண்டு பல்புதான். மின்சாரம் மிச்சம் என்று எல்இடி மாட்டினால் கல் போதுமான அளவு சூடாகாது, எரிந்துகொண்டே நனையும். அணைத்து வைத்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கேதான் நீங்கள் வாங்கியவர்களை ஒரு சிக்கலில் மாட்டி விடுகிறீர்கள். தண்ணீர் விடுகிறதே என்று கேட்டால் ‘எப்போதும் எரியவிடுங்கள்’ என்கிறீர்கள். பெட்டியிலோ ‘ஆள் இல்லாதபோது எரியவிடாதீர்கள்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒருவர் எப்படிக் கடைப்பிடிப்பார்? எரியவிட்டால் தீ பயம், அணைத்தால் ஈர பயம். இது வாங்கியவரின் கவனக்குறைவு இல்லை. பொருளின் இயல்பு. பொருளின் இயல்பிலேயே இருக்கிற ஆபத்துக்கு அதைச் செய்தவர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தப் பழுப்புக் கோட்டுக்கு மறுபடி வருகிறேன். தர அமைப்புகளில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் மின்சாதனத்துக்கு லாயக்கானதா என்று பார்க்க ஐஇசி 60112 என்று ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு மின்முனைகளை வைத்து, நடுவில் 30 விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் 50 சொட்டு விடுவார்கள். சொட்டுவது வெறும் தண்ணீர் இல்லை, ஆயிரத்தில் ஒரு பங்கு நவச்சாரம் கரைத்த உப்புத் தண்ணீர். எவ்வளவு வோல்ட் வரைக்கும் கரிக்கோடு விழாமல் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர்தான் பிளாஸ்டிக்குக்கு எமன் என்று தெரிந்ததால்தான் சோதனையை அப்படி வைத்திருக்கிறார்கள். உப்பு விளக்கிலிருந்து இறங்குவதோ 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு வரை கரைந்த, அதற்கு மேல் கரைய முடியாத கரைசல். அது 50 சொட்டோடு நிற்பதும் இல்லை.

வீட்டில் பாதுகாப்புக் கருவிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். ஆர்சிசிபி என்கிற கசிவுத் துண்டிப்பான், போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கும். வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லியாம்பியர் வித்தியாசத்துக்குள் துண்டித்துவிடுகிற வகையைத்தான் போடுவார்கள். ஆனால் இந்த விளக்குக்கு இரண்டே கம்பிகள்தான், எர்த் கிடையாது. மின்சாரம் வருகிற கம்பியான ஃபேஸிலிருந்து உப்புத் தண்ணீர் வழியாக, திரும்புகிற கம்பியான நியூட்ரலுக்குப் போகிற மின்சாரம் போனது போனபடியே திரும்பி வந்துவிடும். கருவிக்கு வித்தியாசமே தெரியாது. அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கிற எம்சிபி ஸ்விட்சோ 6 ஆம்பியர், 10 ஆம்பியர் தாண்டினால்தான் விழும். அரை ஆம்பியர் கசிந்தாலே 230 வோல்ட்டில் அது 115 வாட். அந்தப் பல்பைப் போல ஏழு மடங்குக்கும் மேலான சூடு, ஒரு மயிரிழைக் கோட்டில். எந்த ஸ்விட்சும் விழாமல் பிளாஸ்டிக் கருகிக்கொண்டே போகும். யாராவது வந்து உருவிப் பார்த்தால்தான் உண்டு.

அணைத்திருந்தேனே, பிறகு எப்படி அந்தக் கோடு வந்தது? நான்கு வருடத்தில் விழுந்த கோடாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் ஹோல்டரில் மின்சாரம் இருந்தது, சோதித்துப் பார்த்துவிட்டேன். வயரில் இருந்த டிம்மர் ஒரே ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. பிளக் எந்தப் பக்கமாகவும் செருகக்கூடிய இரண்டு முள் பிளக். நான் செருகியிருந்த விதத்தில் அது துண்டித்தது நியூட்ரலை. விளக்கு அணைந்தது, சூடு போயிற்று, கல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது, ஃபேஸ் மட்டும் ஹோல்டரிலேயே நின்றது. நனைந்த மேசையில் கையை வைத்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இது என் வீட்டில் மட்டும் நடந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 80,000 உப்பு விளக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். டிம்மரும் பிளக்கும் அளவுக்கு மீறிச் சூடேறித் தீப்பிடிக்கலாம், ஷாக் அடிக்கலாம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

சரி, காற்றைச் சுத்தப்படுத்துகிற விஷயத்துக்கு வருவோம். எனக்கு அதிகக் கோபம் அதில்தான். உப்பு சூடானதும் எதிர்மின் அயனிகளை வெளியிடும், அவை தூசியைப் பிடித்து வைக்கும் என்று எழுதுகிறீர்கள். உப்பில் அயனிகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சோடியமும் குளோரைடும் படிகத்துக்குள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. உப்பு உருகுவதற்கே 801 டிகிரி வேண்டும். 15 வாட் பல்பு கொடுக்கிற வெதுவெதுப்பில் அவை கழன்று காற்றில் பறக்காது. வெளிச்சம் இதமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மை. நீல வெளிச்சம் குறைந்த விளக்கு இரவில் கண்ணை உறுத்தாது என்றும் சொல்லுங்கள், அதுவும் சரி. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த விளக்கை நம்பி அம்மா இரண்டு வாரம் இன்ஹேலரைக் குறைத்துக்கொண்டார். எங்களிடம் சொல்லவில்லை. ஒரு ராத்திரி மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிய வந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு வாரத்துக்கு உங்கள் பெட்டியில் இருந்த ஒரு வரிதான் காரணம்.

நாய், பூனை உள்ள வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்கு உப்பை நக்குவது பிடித்துப் போய்விடலாம். நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே விஷமாகத் தொடங்கும், 4 கிராம் உயிரைப் பறிக்கக்கூடும். ஐந்து கிலோ நாய்க்கு இரண்டு மூன்று தேக்கரண்டிதான் கணக்கு. வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். பூனைக்கும் இதே ஆபத்துதான். இதை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை. தவழுகிற குழந்தை வயரைப் பிடித்து இழுத்தால் மூன்று கிலோ கல் தலையில் விழும் என்பதையும் பார்த்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பவை செய்ய முடியாதவை இல்லை. வீட்டு மின்சாரத்தைக் கல்லுக்குள் கொண்டுபோகாதீர்கள். சுவரிலேயே ஓர் அடாப்டர் வைத்து 12 வோல்ட்டாகக் குறைத்து, அதில் எரிகிற சின்னக் குண்டு பல்பை உள்ளே வையுங்கள். உப்புத் தண்ணீர் இறங்கினாலும் 12 வோல்ட் ஆளை அடிக்காது, கல்லைக் காய வைக்கிற சூடும் கிடைக்கும். அது முடியாது என்றால் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கிற ஸ்விட்சாவது போடுங்கள். கல்லிலிருந்து இறங்குகிற தண்ணீர் ஹோல்டரில் விழாமல் வெளியே வழிந்துபோக அடிப்பலகையில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். எந்த பல்பு போட வேண்டும், எதைப் போடக் கூடாது, ஏன் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பயன்படுத்தாத நாட்களில் பிளக்கைப் பிடுங்கி, கல்லை பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்க வேண்டும் என்று எழுதி, அந்த உறையையும் பெட்டியிலேயே கொடுங்கள். மாதம் ஒரு முறை ஹோல்டரை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை, வெள்ளை, பழுப்பு, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் வயரை மாற்றச் சொல்லுங்கள். வயரைத் தனியாக விற்கவும் செய்யுங்கள்.

தர அமைப்புகளுக்கு ஒரே வேண்டுகோள். வயரையும் ஹோல்டரையும் தனியாக எடுத்துச் சோதிக்காதீர்கள். உப்புக் கல்லோடு சேர்த்து, அணைத்த நிலையில், பிளக் செருகியபடி, 80 சதவீத ஈரப்பதத்தில் பத்து நாள் வைத்துவிட்டு, பிறகு பிரித்துப் பாருங்கள். என் வீட்டில் நடந்தது அதுதான்.

அந்தக் கல்லை நான் தூக்கிப் போடவில்லை. வயர் இல்லாமல், உறையில் கட்டி அலமாரியில் இருக்கிறது. இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கிறது. ‘அந்த வெளிச்சம் எப்போ வரும்?’ என்று அம்மா இடையிடையே கேட்கிறார். நான் சொன்ன மாதிரி ஒன்றை நீங்கள் செய்துவிட்டால் சொல்லுங்கள், முதல் ஆளாக வந்து வாங்கிக்கொள்கிறேன். கட்டிலோரத்து மேசை காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மின்சாதனம் பழுது பார்க்கும் ஒருவன்