நாலாவது அடுக்கு எங்கே போனது?

ஆசிரியருக்கு,

மண்ணடி ஹார்டுவேர் கடைகளின் சரக்குப் பட்டியல் இணையத்துக்கு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் குழாய், அதில் பிவிசி, அதில் முக்கால் இஞ்ச், அதில் எல்போ (வளைவு இணைப்பு) என்று நாலு அடுக்கு இருக்கும்போது, டெம்ப்ளேட்டில் (தரவை நிரப்பிப் பக்கத்தை உருவாக்கும் அச்சு) ஃபார் லூப்புக்குள் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் திரும்ப ஓடும் கட்டளை) ஃபார் லூப்பாக மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்போ டேட்டாபேஸில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. பிழைச் செய்தியும் வராது.

நாலாவது லூப்பை ஒட்டவைத்தால் நாளைக்கு ஐந்தாவது வந்து நிற்கும். ஒரே ஒரு வகையைக் காட்டும் சின்ன டெம்ப்ளேட் எழுதி, உட்பிரிவுகளுக்கு அது தன்னையே அழைக்கட்டும். இதுதான் ரிகர்ஷன். பைத்தானில் இணையதளம் கட்டும் ஜாங்கோவில், ஒரு டெம்ப்ளேட்டுக்குள் இன்னொன்றைச் சேர்க்கும் இன்க்ளூட் கட்டளை போதும். ஜிஞ்சா என்ற டெம்ப்ளேட் மொழியில் ஃபார் வரியின் கடைசியில் ‘ரிகர்சிவ்’ என்று சேர்த்து, உள்ளே ‘லூப்’பை ஃபங்ஷன் மாதிரி அழைத்து உட்பிரிவுகளைக் கொடுக்க வேண்டும்.

உட்பிரிவு தீர்ந்ததும் லூப் தானே நின்றுவிடும். இருந்தாலும் உட்பிரிவு உண்டா என்று பார்க்கும் இஃப் போடாவிட்டால் ஒவ்வொரு எல்போவுக்கு அடியிலும் ஒரு வெற்று யுஎல் (பட்டியலுக்கான எச்டிஎம்எல் குறி) தொங்கும். உள் யுஎல், தாய் எல்ஐ (பட்டியலின் ஒரு வரிக்கான குறி) மூடுவதற்கு முன்பே வர வேண்டும். வெளியே போட்டாலும் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

தளம் மந்தமாவதற்கு ரிகர்ஷனைத் திட்டுவது நியாயமில்லை. 600 வகைகளுக்கும் தனித்தனியாக ‘உனக்குப் பிள்ளை உண்டா’ என்று டேட்டாபேஸைக் கேட்டால் 600 குவெரி, அதாவது 600 கேள்வி. ஜாங்கோவில் இஃபுக்கு ஒன்று, ஃபாருக்கு ஒன்று என அது இரட்டிப்பாகவும் வாய்ப்புண்டு. எல்லா வரிசைகளையும் ஒரே குவெரியில் எடுத்து, தாய் வகையின் எண்படி டிக்‌ஷனரியில் பிரித்து, மரமாகக் கட்டியபின் டெம்ப்ளேட்டிடம் கொடுங்கள்.

விஷமமான பிழை ஒன்று உண்டு. குழாய்க்குத் தாய் எல்போ என்று யாரோ தவறிக் குறித்துவிட்டால், குழாய்க்கு மேலே தாய் வந்துவிடுவதால், தாயில்லாத வகைகளிலிருந்தே தொடங்கும் முகப்பிலிருந்து அந்தக் கிளையே மறைந்துவிடும். குழாய்ப் பக்கத்தை நேரடியாகத் திறந்தாலோ, டெம்ப்ளேட் தன்னையே சுற்றிச் சுற்றி அழைத்து, பைத்தானின் 1000 அழைப்பு என்ற வழக்கமான வரம்பில் முட்டி 500 பிழை (சர்வர் கோளாறு) காட்டும். இதைச் சேமிக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும். புதிய தாயிலிருந்து மேலே ஏறிப் பாருங்கள், வழியில் அதே வகை எதிர்ப்பட்டால் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்று, பிரவுசர் தானாக யுஎல்லுக்கு விடும் இடைவெளி 40 பிக்சல். ஐந்து அடுக்கில் 200 போய்விடும். 360 பிக்சல் அகல போனில் எல்போவின் விலையை எங்கே எழுதுவது? 12 ஆகக் குறையுங்கள்.

– வாசகர், ராயபுரம், சென்னை-13