சைக்ளோகிராஸ்: காசை விடக் காற்று முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், சேறு, மணல், படிக்கட்டு வழியே ஓட்டும் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இந்த விளையாட்டுக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அதில் சொல்லியிருந்த இரண்டு கருத்துகள் சரியில்லை. இது அண்மையில் கிளம்பிய மோஸ்தர் என்பது ஒன்று. லட்சக்கணக்கில் கொட்டி கார்பன் சைக்கிள் வாங்கினால்தான் களத்தில் இறங்க முடியும் என்பது மற்றொன்று.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பிரான்ஸில் 1902-லேயே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. உலகச் சாம்பியன் போட்டி 1950-இல் பாரிஸில் தொடங்கியது. பிரெஞ்சு வீரர் ழான் ரொபிக் வென்றார். பெண்களுக்கான உலகப் போட்டிக்குத்தான் 2000 வரை காக்க வைத்தார்கள்.

இரண்டாவதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டனிலோ நெதர்லாந்தின் ஐந்தோவனிலோ பெல்ஜியத்தின் லூவனிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் அதைப் படித்துவிட்டு, பக்கத்துப் பூங்காவில் நடக்கும் பந்தயத்தைக் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. பிரிட்டனின் வட்டார லீக் பந்தயங்களுக்கு மவுண்டன் பைக்கோடு வந்தாலும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதி பெரிய போட்டிகளுக்கு உரியது. வட்டாரப் பந்தயத்தில் யாரும் அளவுகோலோடு வந்து நிற்பதில்லை.

யூசிஐ விதிப்படி தடம் 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரையிலான ஒரு சுற்று. புல்தரை, சேறு, மணல், படிக்கட்டு, 40 சென்டிமீட்டர் உயரம் வரையிலான பலகைத் தடைகள் எல்லாம் வரும். முன்னணி ஆண்களுக்கு ஒரு மணி நேரம்; மற்றவர்களுக்கு வயதையும் பிரிவையும் பொறுத்து நாற்பது, ஐம்பது நிமிடம். முதல் இரண்டு சுற்றுக்கு ஆன நேரத்தை வைத்து மொத்தம் எத்தனை சுற்று என்று முடிவு செய்வார்கள். பெரிய போட்டிகளில் மிகவும் பின்தங்கியவரைத் தடத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். வட்டாரப் பந்தயத்தில் அப்படியில்லை. முதலிடத்தில் வருபவர் முடிவுக் கோட்டைத் தாண்டியதும், அடுத்து நீங்கள் கோட்டுக்கு வரும்போது உங்கள் பந்தயமும் முடிந்தது. முடிவுப் பட்டியலில் 'இரண்டு சுற்று குறைவு' என்று இருக்கும், அவ்வளவுதான். பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

இந்தப் பாதிப் பேர் நேரத்தை இழப்பது கால் பலம் போதாமல் அல்ல, சைக்கிளின் எடையாலும் அல்ல. முதல் காரணம் டயரில் இருக்கும் காற்று. சாலை சைக்கிளில் 80, 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துப் பழகியவர்கள் இங்கே வந்து 45 அடித்துவிட்டு, குறைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவில் டயர் வேர் மேல் எகிறும், ஈரப் புல்லில் வழுக்கும், சரிவில் நிற்காது. எழுபது கிலோ எடையுள்ளவர், 33 மில்லிமீட்டர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர், ஈரத் தரை என்றால் 22 முதல் 26 பிஎஸ்ஐ-க்குள் தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு ஒன்றிரண்டு கூடுதல். டியூப் போட்ட டயரில் 30-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வேரில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்புக் கடி போல இரட்டைத் துளை விழும். டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் டியூபுலர் டயரில் 20-க்கும் கீழே போகலாம், அதனால்தான் முன்னணி வீரர்கள் பலர் அதை விடுவதில்லை. ஆனால் அதை ரிம்மில் ஒட்டுவது தனி வேலை: பசையைப் பல பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் காயவிட வேண்டும். அவசரத்தில் ஒட்டிய டியூபுலர் திருப்பத்தில் ரிம்மை விட்டு உருண்டு வந்துவிடும்.

டியூப்லெஸ்ஸுக்கும் ஒரு தொல்லை உண்டு. சாய்வுத் தரையில் குறைந்த காற்றோடு சடாரென்று திரும்பினால், டயரின் ஓரம் ஒரு கணம் ரிம்மை விட்டு விலகி, 'புஸ்' என்று பாதிக் காற்று போய்விடும். டயருக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம் துளையைத்தான் அடைக்கும், இதைத் தடுக்காது. ரிம்மில் இறுக்கமாக உட்காரும் டயராகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

காற்றடிக்கும் பம்பில் இருக்கும் முள்ளை நம்ப வேண்டாம். 160 வரை காட்டும் முள் 22-ஐயும் 27-ஐயும் பிரித்துக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே இருக்கும் கையடக்க மீட்டர் வேண்டும். அதை வைத்துக்கொண்டு பயிற்சிச் சுற்றில் ஒவ்வொரு பிஎஸ்ஐ-யாக இறக்கிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் ரிம் லேசாக 'டொக்' என்று தட்டினால் அளவு சரி. தட்டவே இல்லையென்றால் காற்று அதிகம். நாலு இடத்தில் தட்டினால் குறைவு. டியூப் போட்டவர்கள் இந்தச் சோதனையை முயல வேண்டாம். சேறு இரவில் உறைந்து வரி வரியாகக் கெட்டிப்பட்டிருந்தால் எல்லாரும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது இறங்குவதும் ஏறுவதும். கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுகிறார். சைக்கிள் பழுதானதால் தூக்கி ஓடுகிறார் என்று படக்குறிப்பு சொல்கிறது. பழுது ஒன்றுமில்லை. அந்த இடத்தில் எல்லாரும் தூக்கித்தான் ஓடுவார்கள். சைக்கிள் சட்டத்தின் கீழ்க்குழாய்க்கு அடியில் வலது கையை விட்டு, மேல்குழாயைத் தோளில் ஏற்றி, அதே கையால் ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடித்துக்கொண்டால் சைக்கிள் ஆடாது, இடது கை வீசி ஓட விடுபட்டிருக்கும். தோள் நுழைய இடம் வேண்டும் என்பதால்தான் இந்தச் சைக்கிள்களில் தண்ணீர் பாட்டில் கூடு மாட்டுவதில்லை.

இறங்கும்போது வலது காலை பெடலிலிருந்து கழற்றி, சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் மொத்த எடையும் இடது பெடலில் நிற்கும். பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான்: வலது கால் தரையைத் தொடப்போகும், சேறு அப்பிய இடது கிளீட் (காலணியைப் பெடலோடு பூட்டும் அடிக்கட்டை) கழன்று வராது. எடை முழுதும் ஏறுவதற்கு முன்பே இடது குதிகாலைத் திருப்பிக் கழற்றிவிட்டு, பாதத்தை பெடல் மேல் சும்மா வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. பிரேக்கெல்லாம் அதற்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். ஏறும்போது சீட்டில் தொப்பென்று உட்காரக் கூடாது. இடது காலால் உந்தி, வலது தொடையின் உட்புறம் சீட்டில் படும்படி வழுக்கி ஏற வேண்டும். ஏறுமுன் ஒரு தயக்கத் தத்தல் போடுவார்கள் பாருங்கள், அதில்தான் வேகமெல்லாம் போகிறது. ஆளில்லாத மைதானத்தில் நடை வேகத்தில் பழகினால் போதும், இதற்குக் காசு வேண்டாம்.

எப்போது இறங்குவது என்பதும் கணக்குதான். சேற்று மேட்டில் ஓட்டும் வேகம் நடையை விடக் குறைந்தால் ஓடிவிடுவதே லாபம். முதல் சுற்றில் முன்னால் போகிறவர் நிற்கும் வரை காத்திருந்தால் நீங்களும் நிற்பீர்கள்; அவர் தடுமாறத் தொடங்கும்போதே இறங்கி ஓரமாக ஓடினால் ஏழெட்டுப் பேரைத் தாண்டலாம். பெல்ஜியத்தின் காக்ஸைடே தடம் போலக் கடற்கரை மணல்மேடு என்றால் கதை வேறு. கனமான கியரில் வேகத்தோடு நுழைந்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, முன்னால் போனவரின் தடத்தில் முன்சக்கரத்தை அதன் போக்கில் விட வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்ப முயன்றால் அங்கேயே புதைந்துவிடும்.

மூன்றாவது, சேறு. முன்னணி வீரருக்கு இரண்டு மூன்று சைக்கிளும், பிட்டில் (தடத்தோரம் சைக்கிள் மாற்றும் இடம்) கழுவித் தரும் ஆட்களும் உண்டு. தேவைப்பட்டால் அரைச் சுற்றுக்கு ஒருமுறைகூட மாற்றிக்கொள்வார். ஒரே சைக்கிளோடு வருகிறவர் அதைப் பிழைக்கவைக்க வேண்டும். ஈரப் புல்லும் சேறும் கியர் மாற்றும் பின் டெரெய்லரின் சிறு பற்சக்கரங்களில் சுற்றிக்கொண்டு, செயின் இறுகும். அப்போது மிதியை அழுத்தினால் டெரெய்லர் பின்னோக்கி இழுபட்டு, அதைத் தாங்கும் ஹேங்கர் முறியும். சில நேரம் ஆரக்கம்பிகளுக்குள்ளேயே போய்விடும். மிதி கனத்தாலே நிறுத்தி, புல்லைக் கையால் பிடுங்குங்கள். பத்து விநாடி போகும், பந்தயம் போகாது. மணல் கலந்த சேற்றில் ரெசின் (பிசின் சேர்த்த மென்மையான) பிரேக் பேட் ஒரே பந்தயத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்துவிடுவதும் உண்டு. உலோகத்தூள் கலந்த பேட் கூடுதலாகத் தாங்கும், சத்தம் போடும். முடிந்த பிறகு அழுத்தத் தண்ணீரை ஹப்பிலும் பெடல் அச்சுப் பகுதியிலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம். கிரீஸ் வெளியேறி, பேரிங் அடுத்த மாதமே கரகரக்கும்.

கட்டாயம் செலவு செய்ய வேண்டுமென்றால் முதலில் நல்ல டயர், பிறகு மீட்டர், பிறகு ஒரு ஜோடி பிரேக் பேட், தன் சைக்கிளுக்கே பொருந்தும் உதிரி ஹேங்கர் ஒன்று. ஹேங்கரின் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும். பந்தயத் திடலில் யாரிடமும் கடன் கிடைக்காது. கார்பன் சட்டமெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படக்குறிப்பை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
லண்டன்.