மகனே, நிறுத்தி நிறுத்தி ஓது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. "தமிழில் குர்ஆனின் பொருளைப் படித்துக்கொள்கிறேன் உம்மா. அரபியில் ஓதினால் நாக்கு தடுமாறுகிறது, மனம் எங்கோ போய்விடுகிறது. புரியாமல் ஓதி என்ன பயன்?" என்றாய். ஓதுவதில் விருப்பமில்லாதவன் இப்படிக் கேட்கமாட்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாக்கு தடுமாறுவதற்கு நபி (ஸல்) அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுகிறவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்று சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஓதியதற்கு ஒன்று, பட்ட சிரமத்துக்கு ஒன்று. சிரமத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ரப்பின் முன்னால் உனக்கு எதற்கு வெட்கம்?

ஆனாலும் தடுமாறுகிற இடத்திலேயே நின்றுவிடாதே. ஓர் உஸ்தாதைத் தேடி, அவர் வாயைப் பார்த்துக் கற்றுக்கொள். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களை (அத்தியாயங்களை) நம்பி ஓதுவது எனக்குப் பிடிக்காது. "ரஹ்மான்" என்பதில் வரும் ஹா தொண்டையின் நடுவிலிருந்து காற்று உரசிக்கொண்டு வருவது. "இஹ்தினா" என்பதில் வரும் ஹா தொண்டையின் அடியிலிருந்து, பெருமூச்சு விடுவதுபோல் வருவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான். இந்த வேறுபாட்டைப் புத்தகம் சொல்லித்தராது, காதும் தொண்டையும்தான் பழக வேண்டும். அப்படி ஓர் எழுத்துக்காக மெனக்கெடும்போது, உன் வாயில் இருப்பது யாருடைய பேச்சு என்ற நினைவு தானாக வந்துவிடும். எழுத்துக்களை முறையாக உச்சரித்து ஓதும் தஜ்வீதை வெறும் இலக்கணமாக நான் பார்க்காததற்கு அதுவே காரணம்.

இனி, புரியாமல் ஓதி என்ன பயன் என்ற கேள்வி. அல்லாஹ்வின் வேதத்திலிருந்து ஓர் எழுத்தை ஓதுகிறவருக்கு ஒரு நன்மை, அந்த நன்மை பத்து மடங்கு என்ற ஹதீஸ் (நபிமொழி) உனக்குத் தெரிந்ததுதான். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்து, திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அதன் தொடர்ச்சியைக் கவனித்திருக்கிறாயா? "அலிஃப் லாம் மீம் என்பது ஓர் எழுத்து என்று நான் சொல்லமாட்டேன். அலிஃப் ஓர் எழுத்து, லாம் ஓர் எழுத்து, மீம் ஓர் எழுத்து." உதாரணத்துக்கு எதை எடுத்தார்கள் பார். சூரத்துல் பகராவின் தொடக்கத்தில் வரும் அந்த மூன்று எழுத்துக்களின் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்றுதான் உலமாக்களில் (மார்க்க அறிஞர்களில்) பலர் சொல்லியிருக்கிறார்கள். பொருள் எட்டாத இடத்திலும் எழுத்துக்கு எழுத்து நன்மை எழுதப்படுகிறது. எனக்கு இதுவே போதுமான பதில்.

உனக்குப் போதாது என்று தெரியும், போதாமல் இருப்பதும் நல்லதுதான். இந்த வேதத்தின் வசனங்களைச் சிந்திப்பதற்காகவே இறக்கியதாக அல்லாஹ் ஸாத் சூராவில் (38:29) சொல்கிறான். ஆகவே தமிழ்ப் பொருளை விட்டுவிடாதே. அதையும் படி, ஓதவும் செய். பொருளைப் படிக்கும்போது அல்லாஹ் என்ன சொன்னான் என்று அறிந்துகொள்கிறாய். ஓதும்போது அவன் சொன்ன அதே சொற்களை உன் நாவில் ஏந்துகிறாய். தொழுகையில் அந்தச் சொற்கள் இல்லாமல் நிற்கவே முடியாதே.

அல்ஹம்து சூராவையே எடுத்துக்கொள். கட்டாயமான ஐவேளை ஃபர்ளுத் தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத், அதாவது 17 சுற்று. 17 முறை அந்தச் சூரா. பழகிப்போனதால் நாம் அதை ஓடவிடுகிறோம். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில், அல்லாஹ் சொன்னதாக நபி (ஸல்) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி ஒன்று இருக்கிறது. தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறேன், என் அடியான் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான் அல்லாஹ். அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும், "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான். "அர்ரஹ்மானிர் ரஹீம்" என்றதும், "என் அடியான் என்னைப் போற்றினான்". "மாலிகி யவ்மித்தீன்" என்றதும், "என் அடியான் என்னை மேன்மைப்படுத்தினான்". "இய்யாக நஅபுது வஇய்யாக நஸ்தயீன்" என்றதும், "இது எனக்கும் என் அடியானுக்கும் இடையில் உள்ளது". நேர்வழி கேட்கும் கடைசி வசனங்களுக்கு, "இது என் அடியானுக்கு உரியது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு".

நபி (ஸல்) அவர்கள் ஒவ்வோர் ஆயத்தாக (வசனமாக) நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்ததை இந்த ஹதீஸோடு சேர்த்து நினைத்துப் பார். ஒரே மூச்சில் ஓதி முடிப்பவன் தனக்குக் கிடைக்கும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாளைய தொழுகையில் ஒவ்வோர் ஆயத்திலும் மூச்சை விட்டு நிறுத்திப் பார். மனம் எங்கோ போகிறது என்று சொன்னாயே, அதற்கு நான் அறிந்த மருந்து இந்த நிறுத்தம்தான்.

வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ரமழான் வந்தால் எத்தனை கத்தம் (முழுக் குர்ஆனை எத்தனை முறை) முடித்தீர்கள் என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். அதிகம் ஓதுவது நன்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்னது, மாதத்துக்கு ஒருமுறை ஓதி முடி என்பதே. இன்னும் முடியும், இன்னும் முடியும் என்று அவர் கேட்கக் கேட்கக் குறைத்து, ஏழு நாளில் முடி, அதைவிடக் குறைக்க வேண்டாம் என்றார்கள். மூன்று நாளுக்குள் ஓதி முடிப்பவர் விளங்கிக்கொள்ளவில்லை என்றும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஓர் இரவு முழுதும் நபி (ஸல்) அவர்கள் ஒரே ஆயத்தைத் திரும்பத் திரும்ப ஓதித் தொழுததை அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஈஸா (அலை) அவர்களின் வேண்டுதலாக மாயிதா சூராவில் வருவது அது: "நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்களே, நீ அவர்களை மன்னித்தால் நீயே யாவரையும் மிகைத்தவன், ஞானமிக்கவன்" (5:118). விடியும்வரை ஓர் ஆயத்திலேயே நின்றிருக்கிறார்கள்.

பிறர் ஓதுவதை நீ காதில் மாட்டிக்கொண்டு கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். தமக்கு ஓதிக் காட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், "குர்ஆன் உங்களுக்கு அருளப்பட்டிருக்க, நான் உங்களுக்கு ஓதிக் காட்டுவதா?" என்று இப்னு மஸ்ஊத் (ரலி) வியந்து கேட்டபோது, பிறர் ஓத நான் கேட்பதை விரும்புகிறேன் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் நிஸா சூராவை ஓதினார். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து, இவர்கள்மீது உம்மைச் சாட்சியாகக் கொண்டுவரும்போது எப்படி இருக்கும் என்ற ஆயத்து (4:41) வந்ததும், "போதும்" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் அவர்கள் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்பதாக இருந்தால் நிதானமாக ஓதும் காரிகளைக் கேள். எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1961இல் முழுக் குர்ஆனையும் தர்த்தீலாக (நிறுத்தி நிதானமாக) ஓதிப் பதிவு செய்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். அவர் ஓத ஓத, கூடவே ஓது. கேட்பதோடு நின்றுவிடாதே, உன் குரலும் வர வேண்டும்.

ஓதியவுடன் கவலை பறந்துவிடும் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஓதியும் நெஞ்சு பாரமாகவே இருந்த நாட்கள் எனக்கும் உண்டு. அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்பது (13:28) அவன் வாக்கு, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அமைதி நாம் கேட்ட நேரத்தில், கேட்ட வடிவில் வந்தே ஆக வேண்டும் என்று யாரும் நிபந்தனை போட முடியாது. நாள் தவறாமல் ஓதுகிறவனிடம் நான் கண்டது, துன்பம் வரும் நேரத்தில் அவன் நாவுக்கு ஓர் ஆயத்து முந்திக்கொண்டு வருகிறது. கோபத்தில் வாய் திறக்கும் முன்னும் அப்படியே. அது ஒரே நாளில் வந்ததில்லை.

ஆகவே குறைவாக ஆரம்பி. குறைவானாலும் இடைவிடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது. மதீனா முஸ்ஹஃபில் (மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதியில்) 604 பக்கங்கள். நாளுக்கு ஒரு பக்கம் என்றாலும் இருபது மாதத்தில் முடிந்துவிடும். ஃபஜ்ரு (அதிகாலை) நேரத்து ஓதுதல் சாட்சி சொல்லப்படுவது என்று குர்ஆனே சொல்வதால் (17:78), அந்த நேரத்தைப் பிடித்துக்கொள். காலையில் ஓதப்போகும் பக்கத்தின் தமிழ்ப் பொருளை முந்திய இரவே படித்து வைத்துக்கொள். எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்கு எழுது. நானும் அன்றன்றைக்கு அதே பக்கத்தை ஓதுகிறேன். நாக்கு எந்த எழுத்தில் சிக்குகிறது என்பதையும் மறக்காமல் எழுது.

வஸ்ஸலாம்.
துஆவுடன்,
உன் உம்மா